தேடுதலும் தேடித் தருதலும்: எஸ்.ஆர்.இரங்கநாதனின் நோக்கீட்டுப் பணிக் கொள்கையும் தமிழ் ஆய்வு மாணவரும்

தமிழ் ஆய்வேடுகளின் குறைகள் பேசப்படும்போது கோட்பாட்டு அறிவின் போதாமையே பெரிதும் சுட்டப்படுகிறது. பல ஆய்வேடுகள் தடுமாறுவது கோட்பாட்டில் அன்று. அதற்கு முந்தைய படியிலேயே ஆகும். எதனைத் தேடுவது, எங்குத் தேடுவது, கிடைத்ததை எவ்வாறு சரிபார்ப்பது என்னும் பயிற்சியே அப்படியாகும். இப்பயிற்சியை இன்று ‘தகவல் எழுத்தறிவு’ என்பர். இத்தொடரை 1974இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி முதன்முதலாகக் கையாண்டார். எனினும், அதன் உள்ளடக்கத்தின் ஒரு பகுதி அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே சென்னையில் நூல்வடிவம் பெற்றுவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். இவர் சி.சுந்தரத்துடன் இணைந்து நோக்கீட்டுப் பணியைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1940இல் வெளிவந்தது. 1957இல் பெங்களூரில் குடியேறிய இரங்கநாதன் அந்நூலை விரித்தெழுதி 1961இல் மீண்டும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தில் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்தார். 1972இல் இறக்கும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். நூலகவியலார் போற்றும் இப்பெங்களூர்க் காலத்தைத் தமிழாய்வுலகம் தனக்குரியதாகக் கருதியதில்லை. நூலகவியல் வேறு துறை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

நோக்கீட்டுப் பணியை அந்நூல் நான்காக வகுக்கிறது. புதியவரை நூலகத்திற்கு அறிமுகப்படுத்துதல், பொது வாசகருக்கு உதவுதல், உடனடி வினாக்களுக்கு விடை காட்டுதல், நெடிய தேடலுக்குத் துணை நிற்றல் என்பன அவை. இவற்றுள் முதலாவதே மாணவருக்கு மிகவும் வேண்டியது. நூலடுக்கின் ஒழுங்கையும் நூற்பட்டியலின் மொழியையும் அறியாத மாணவர் நூல்களுக்கு நடுவே நின்றும் நூலற்றவரே. அவரைப் பழக்குவது சலுகை அன்று, நூலகத்தின் கடமை என்பது இரங்கநாதனின் துணிபு.

இத்துணிபின் பயனை உணரப் பெங்களூரிலேயே தக்க சான்று உண்டு. அந்நகரின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி ஆய்வு செய்ய முற்படும் ஒரு மாணவரைக் கருதலாம். தொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலிலும் மடிவாளச் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அம்மாணவர் முதலில் நாடுவது இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையே. அவற்றில் வேண்டியது கிட்டாதபோது ‘சான்றுகள் குறைவு’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு மேற்செல்வார். சான்றுகளோ பி.எல்.ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியில், 1905 முதல் அச்சில் உள்ளன. கோலார் மாவட்டத்திற்குரிய பத்தாம் தொகுதியும் அதே ஆண்டில் வெளிவந்தது. தொடரின் பெயரில் கர்நாடகம் இருப்பதாலேயே தமிழ் மாணவர் அதனைக் கடந்து சென்றுவிடுகிறார்.

இப்பிழையின் வேரை இரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை (1933) தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பொருளுக்குப் பல முகப்புகள் உண்டு என்பது அதன் அடிப்படை. அம்முறையில் இலக்கிய வகுப்பின் முதல் முகப்பு மொழி. வரலாற்று வகுப்பின் முதல் முகப்போ நாடு. இலக்கியம் பயின்று வரும் தமிழ் மாணவர் எதனையும் மொழியின் வழியாகவே தேடப் பழகியவர். கல்வெட்டு அவருக்குத் தமிழ். நூலகத்திற்கு அது பெங்களூர் மாவட்டம். இரு பார்வைகளும் பிழையற்றவை. ஆயினும் ஒரு வாயில் அடைத்திருந்தால் மற்றொரு வாயிலைத் தட்ட வேண்டும் என்பதை மாணவருக்கு எவரும் கற்பிப்பதில்லை.

இடம் என்னும் முகப்பிலும் சிக்கல் உண்டு. கல்வெட்டில் தொம்லூர் என்னும் இன்றைய வடிவம் இல்லை. தோம்பலூர் என்றே உள்ளது. கோலார்ப் பகுதி சோழர் ஆவணங்களில் நிகரிலிச் சோழ மண்டலம் ஆகிறது. இன்றைய பெயரை மட்டும் கொண்டு தேடுவோருக்குப் பெயரடைவும் கைகொடாது, கணினியும் கைகொடாது.

தொகுதி கைக்கு வந்தபின் தொடங்குவது வேறொரு தேடல். ரைஸின் தொகுதிகளில் மூலபாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. மொழிபெயர்ப்பை மட்டும் படித்து அதனைத் தமிழாக்கிக் ‘கல்வெட்டுச் சான்று’ எனக் காட்டும் வழக்கம் தமிழாய்வில் அரிதன்று. தமிழ்க் கல்வெட்டொன்று ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வருவது விந்தையே. மேலும் இத்தொடரின் திருத்திய பதிப்பை மைசூர்ப் பல்கலைக்கழகம் 1972 முதல் வெளியிட்டது. அதில் தொகுதி வரிசை மாறியுள்ளது. பழைய பதிப்பில் நான்காம் தொகுதியில் இருந்த குண்டுலுப்பேட்டை, திருத்திய பதிப்பில் மூன்றாம் தொகுதியில் இடம்பெறுகிறது. பதிப்பைச் சுட்டாது தொகுதி எண்ணை மட்டும் தரும் அடிக்குறிப்பு, பின்வரும் ஆய்வாளரை வேறு வட்டத்தின் கல்வெட்டுகளுக்கு இட்டுச் செல்லும். ஒருவர் ஆய்வேட்டிலிருந்து மற்றொருவர் எடுத்தாளும்போது இவ்வழு வழிவழியாகத் தொடர்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டதை இங்கு நினைக்கலாம். மூலம் எங்குள்ளது என்னும் வினா நீதிமன்றம்வரை செல்லத்தக்கது. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் மட்டும் அது எளிதாகக் கடக்கப்படுகிறது.

இரங்கநாதனின் எல்லை

இங்குதான் இரங்கநாதனின் கொள்கையும் போதாமல் நிற்கிறது. அவருடைய நோக்கீட்டுப் பணி வாசகரின் வினாவில் தொடங்கி நூலைக் கையில் சேர்ப்பதோடு பெரும்பாலும் நிறைவுறுகிறது. நூலைத் திறந்தபின் அதன் கூற்றை ஐயுறுவதும் இரு பதிப்புகளை ஒப்பிடுவதும் அக்கொள்கையின் மையத்தில் இல்லை. அவருடைய ஐந்து விதிகளுள் (1931) நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. பொது வாசகருக்கு இது பெருங்கொடை. ஆய்வு மாணவருக்கோ தேடலில் செலவாகும் நேரத்தின் ஒரு பகுதி பயிற்சியே ஆகும். அதனை முழுதும் சேமித்துத் தருவது பயிற்சியையும் உடன் எடுத்துக்கொள்வதாகும். புதியவரைப் பழக்குக என்னும் கடமைக்கும் நேரத்தைச் சேமிக்க என்னும் விதிக்கும் இடையிலான இம்முரணை இரங்கநாதன் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

நூலகரின் மேசை இருந்த இடத்தில் இன்று தேடுபொறி உள்ளது. வினாவுக்கு விடையைத் தொகுத்தே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நான்காம் விதி இவ்வளவு முழுமையாக நிறைவேறிய காலம் முன்னர் இல்லை. ஆனால் அக்கருவி காட்டும் தொகுதி எண் ரைஸின் பதிப்புக்குரியதா, திருத்திய பதிப்புக்குரியதா என்பதை மாணவரே சென்று பார்த்தாக வேண்டும்.

பாடத்திட்டம் இதற்கு உதவுகிறதா என்பது அடுத்த வினா. பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறத்தை முனைவர் பட்ட மாணவருக்கு இரண்டு தரப்புள்ளிகள் கொண்ட கட்டாயப் பாடமாக்கியது. கருத்துத் திருட்டு, தரவுத்தளங்கள், மேற்கோள் அளவீடுகள் ஆகியன அதில் உள்ளன. அப்பாடம் சுட்டும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களுக்குரியவை. கல்வெட்டுத் தொகுதியின் வட்டவாரி எண்முறை, பழம்பதிப்புகளின் முகப்புத்தாள், சுவடி அட்டவணை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இவற்றைச் சேர்க்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளையே சார்ந்தது. பெங்களூர் மாணவருக்கு முதற்பயிற்சியாக ஒன்பதாம் தொகுதியைத் தந்து, தொம்லூர்க் கோயிலுக்கு அனுப்பி, அச்சுப் பாடத்தைக் கல்லோடு ஒப்பிட்டுவரச் செய்ய ஒரு பருவத்தில் இரண்டு நாள்கள் போதும்.