நள்ளிரவில் எழுப்பிவிடும் வைத்தியம்

பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் வருகிறார். ஊரில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் அந்த இரவு, எட்டு வயதிலும் பாயை நனைக்கும் பிள்ளைக்குப் பெரும் பயம். அம்மாக்கள் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம் பழையது: பொழுது சாய்ந்தால் தண்ணீரைக் குறை, நடுச்சாமத்தில் எழுப்பி ஒண்ணுக்கு விட்டு வா.

இதில் அடி இல்லை, திட்டு இல்லை. பாய் காய்ந்திருக்கும், பிள்ளை கூச்சமில்லாமல் பள்ளிக்குப் போகும். அதற்காகவே இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். தோளில் சாய்த்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய் நிறுத்தினால், பிள்ளை கண்ணைத் திறக்காமலே போய்விட்டு வந்து படுத்துக்கொள்கிறது. காலையில் கேட்டால் எதுவும் நினைவில்லை. மூத்திரப்பை நிறைந்ததை உணர்ந்து அது விழிக்கவில்லை. அம்மா எழுப்பினாள், அவ்வளவுதான். பாய் தப்பித்தது, பிள்ளை எதையும் கற்கவில்லை.

பிள்ளை பாயை நனைப்பதற்குச் சோம்பலோ திமிரோ காரணமில்லை. பை நிறைந்தும் மூளை விழிப்பதில்லை. பலருக்கு இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குப் பை கொள்வதே குறைவு. மலச்சிக்கலும் பையை அழுத்தும். பரம்பரைக்கும் பங்குண்டு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய 44 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதம் வாய்ப்பு. கை ஓங்கும் அப்பா முதலில் தன் அம்மாவிடம் போய்க் கேட்கட்டும்.

பாயை நனைப்பதை நிறுத்தும் என்று எள்ளுருண்டைக்கும் தாயத்துக்கும் பெயர் வந்தது எப்படி? ஐந்து வயதில் நூற்றில் சுமார் 15 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. அவர்களில் ஆண்டுக்கு 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. நின்ற வருஷம் எதைக் கொடுத்தோமோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுக்கலாம். வைத்தியமாக நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீரைக் குறைப்பதில்தான் பெரிய பிழை. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் குறிப்பாக, பகலெல்லாம் குடிக்காமலும் அடக்கியும் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். நாம் குறைக்க வேண்டியது அந்த மாலைக் குடியை, அதற்கு வழி பகலில் குடிக்க வைப்பது. தமிழகப் பள்ளிகளில் 2025இல் வந்த, தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' இதற்கும் உதவும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால்.

விழிக்கப் பழக்கும் கருவி ஒன்று உண்டு: ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம். 1904இல் ஆஸ்திரிய மருத்துவர் ஃபௌண்ட்லர், செவிலியருக்குத் தகவல் தர ஒன்றை அமைத்தார். அதனால் பிள்ளைகள் குணமாவதைக் கண்டார். இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது. ஆனால் ஒரே கூடத்தில் எல்லோரும் படுக்கும் வீட்டில் அது எல்லோரையும் எழுப்பும். முதல் சில வாரங்கள் பெரியவர் ஒருவர் எழுந்து பிள்ளையை விழிக்க வைக்க வேண்டும். விடியலில் ஒரகடம் கம்பெனி பஸ் பிடிக்கும் அம்மாவிடம் அதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. டெஸ்மோபிரெசின் மாத்திரை அன்றிரவே வேலை செய்யலாம், நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். விருந்தாளி வரும் நாலு நாளுக்கு ஏற்றது. முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுத் தர வேண்டும். அதைப் போட்ட இரவில் தண்ணீர் மிகுந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரக்கூடும்.

ஆறு மாதம் நின்றிருந்து மறுபடி தொடங்கினால், பகலிலும் ஒழுகினால், தாகமும் உடல் இளைப்பும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய், நீர்த்தாரைத் தொற்று, மனதில் அடக்கிய பயம் எதுவாகவும் இருக்கலாம்.

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் உள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலசாலை 15 கட்டில்களோடு அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் வைத்தியம் பார்த்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இன்றைய மாணவர் விடுதிகளிலும் பாயை நனைக்கும் பிள்ளை இருக்கிறது. சேர்க்கும்போதே பெற்றோரிடம் காப்பாளர் தனியாக இதைக் கேட்டு, மாற்றுப் பாயும் மருத்துவரும் ஏற்பாடு செய்யட்டும். மற்ற பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை விட்டுவைப்பது கொடுமை.