பன்னிரண்டு நாள் காதல்

இங்கிலாந்தின் ரீஜன்சி காலத்தை, அதாவது 1811 முதல் 1820 வரையிலான ஆண்டுகளை, களமாகக் கொண்ட கிறிஸ்துமஸ் காதல் கதைகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். பனியும் மெழுகுவத்தி வெளிச்சமும் அல்ல, அந்தக் கதைகளில் உள்ள நெருக்கடிதான் என்னை ஈர்க்கிறது. கிறிஸ்துமஸ் தொடங்கி, ஜனவரி முதல் வாரத்துப் பன்னிரண்டாம் இரவு வரை பண்டிகை. அதுவரை உறவும் நட்பும் ஒரே மாளிகையில். முகம் பார்க்கவே விரும்பாத இருவர் ஒரே மேசையில் உண்டாக வேண்டும். விருந்து கலைவதற்குள் மனம் திறந்தாக வேண்டும். சிறுகதைக்கு வேண்டிய இடத்தையும் கெடுவையும் பண்டிகையே தந்துவிடுகிறது.

மணமாகாத பெண் ஓர் ஆணோடு தனித்திருந்தாலே ஊர் பழிக்கும் காலம் அது. ஆனால் வாசலில் தொங்கும் மிஸ்ல்டோ என்னும் செடிக் கொத்தின் கீழே நின்றால் எல்லோர் முன்னிலையிலும் முத்தமிடலாம். ஒரு முத்தத்துக்கு ஒரு கனியைப் பறிக்க வேண்டும். கனிகள் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. தேர்ந்த எழுத்தாளர் இந்த வழக்கத்தை வெறும் அலங்காரமாக விடமாட்டார். கதையையே அதன்மேல் நகர்த்துவார்.

இந்தக் கலையில் எனக்கு முதன்மையானவர், வேல்ஸில் பிறந்து கனடாவில் குடியேறிய மேரி பாலாக். 2003இல் வந்த ‘அண்டர் தி மிஸ்ல்டோ’ தொகுப்பில் ஐந்து கதைகள். ‘தி ஸ்டார் ஆஃப் பெத்லஹேம்’ கதையில் கணவனும் மனைவியும் பிரிவின் விளிம்பில் நிற்கிறார்கள். மறுமணத்துக்கு வழிவிடும் மணவிலக்கு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டிய காலம். பிரிந்தால் இருவருக்கும் வெறும் தனிமைதான். புகைபோக்கி துடைக்கும் ஒரு சிறுவன் அந்த வீட்டுக்குள் வருகிறான், அவர்கள் அன்புக்குப் புதிய பிடிமானம் கிடைக்கிறது. ‘நோ ரூம் அட் தி இன்’ கதையில் பயணிகளை விடுதியில் முடக்குவது பனி அல்ல, மழையும் சேறும். இங்கிலாந்துக் குளிர்காலம் பெரும்பாலும் அப்படித்தான். அந்த நேர்மையே கதையை நம்ப வைக்கிறது.

காலத்தை மதிப்பதும் இக்கலையின் பாதி. அரசி சார்லட் 1800இல் விண்ட்சரில் கிறிஸ்துமஸ் மரம் வைத்தது உண்மை. ஆனால் அது வீடுதோறும் பரவியது விக்டோரியா காலத்தில், 1848இல் அரச குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் வெளியான பிறகு. வாழ்த்து அட்டை வந்ததோ 1843இல். ஆகவே ரீஜன்சிக் கதையில் ஐவி, ஹாலி இலைகளும் அடுப்பில் எரியும் யூல் கட்டையும் பன்னிரண்டாம் இரவுக் கேக்கும் இருந்தால் எனக்கு நிறைவு; சாதாரணக் கிராமத்து வீட்டில் மரமும் வாழ்த்து அட்டையும் தென்பட்டால் மனம் விலகிவிடும்.

இவ்வகைக் கதையை எடைபோட என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. பண்டிகையை நீக்கிப் பாருங்கள். காதல் அப்படியே நின்றால் அது கிறிஸ்துமஸ் உடுத்திய சாதாரணக் கதை. காதலும் கூடவே சரிந்தால், அதுவே நல்ல கதை. பாலாக்கின் கதைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் வெல்கின்றன.