ஆபத்தானவளா, ஆபத்தில் இருப்பவளா?

ஆங்கிலத்தில் 'ரிஸ்க்' வேறு, 'த்ரெட்' வேறு. முன்னதற்கு ஆள் தேவையில்லை. வெள்ளமோ நோயோ விபத்தோ போதும். பின்னதில் பெரும்பாலும் மிரட்டுகிறவர் ஒருவர் இருப்பார். தமிழில் பல சமயம் இரண்டையும் 'ஆபத்து' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். அப்போது மிரட்டியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். மிஞ்சுகிறவள் பெண்; ஆபத்து அவள்மீதே ஒட்டிக்கொள்கிறது. இந்த நழுவலுக்கு நெடிய வரலாறு உண்டு. கொல்லிமலையே அதற்குச் சாட்சி.

கொல்லிப்பாவையைப் பற்றி இன்று நாம் கேட்கும் கதை எளிது: சிரித்து மயக்கிக் கொல்பவள். ஆனால் நற்றிணை 201ஆம் பாடலில் பரணர் காட்டும் பாவை வேறு. காற்று மோதுகிறது, மழை கடுகி விழுகிறது, இடி தாக்குகிறது, நிலம் அதிர்கிறது. அவள் வடிவு மட்டும் கெடுவதில்லை. அங்கே ஊறு வருவது அவளுக்கு. அவளால் யாருக்கும் ஊறு இல்லை. குறுந்தொகை 100இல் கபிலரும் ஓரியின் கொல்லிப் பாவையைக் காதலிக்கு உவமையாக்குகிறார். இரண்டுமே ஆண் கூற்றுகள்; பாவை பேசுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். என்றாலும் தாங்கி நின்றவள் கொல்பவளாக மாறியது கதை சொன்னவர்களின் தேர்வு.

இதே தேர்வு மொழிபெயர்ப்பிலும் நடந்தது. 'அணங்கு' என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பேரகராதி வருத்தம், நோய், அச்சம், கொலை, தெய்வப்பெண், அழகு எனப் பல பொருள் தருகிறது. 1975இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் ஹார்ட் அதை ஆபத்து நிறைந்த புனித ஆற்றலாக விளக்கினார். அது குறிப்பாகப் பெண்ணிடம் உறைவது, கற்பே அதைக் கட்டுக்குள் வைப்பது என்றார். 1986இல் வி.எஸ். ராஜம் இதை மறுத்துக் கட்டுரை எழுதினார். பெண்ணின் புனித ஆற்றல் என்று இச்சொல்லின் பொருள் குறுக்கப்பட்டுவிட்டது என்பதைத் தலைப்பிலேயே சொன்னார். சங்கப் பாடல்களில் மலையும் நீர்த்துறையும் முருகனும்கூட அணங்கோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. வருத்துதல் என்னும் வினையும் அதில் உண்டு.

இது அகராதிச் சண்டை மட்டுமல்ல. ஆபத்து பெண்ணின் உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், கைம்பெண்ணை ஒதுக்குவதும் மாதவிடாயில் விலக்குவதும் பாதுகாப்பு ஏற்பாடுகளாகத் தோன்றத் தொடங்கும். அடக்குமுறைக்குப் பண்பாட்டு விளக்கம் கிடைத்துவிடும்.

இன்றைய சொற்களுக்கு வருவோம். சிக்கலுக்கு வாய்ப்புள்ள கர்ப்பிணியைச் சுகாதாரத் துறையில் 'ஹை ரிஸ்க் மதர்' என்கிறார்கள். மருத்துவக் கவனிப்புக்கு அது தேவையான சொல்தான். அதையே 'ஆபத்தான தாய்' என்று பெயர்த்தால் அவளே ஆபத்தாகிவிடுகிறாள். கொல்லிமலைக்கு ஏறும் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பிரசவ வலியோடு இறங்கும் பெண்ணுக்கு அந்தப் பாதையும், தொலைவும், ரத்தசோகையும்தான் ஆபத்து. 'ஆபத்துக்கு உள்ளான தாய்' என்றாவது எழுதலாம். எதனால் என்றும் சேர்த்து எழுதுவது இன்னும் நல்லது.

காவல் நிலைய மொழி இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. 'கொலை மிரட்டல்' என்று எழுதியதுமே மிரட்டியது யார் என்ற கேள்வி வந்துவிடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 506ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும் மிரட்டியவரைத்தான் குற்றவாளி என்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் மிரட்டலை வன்முறையாகவே எண்ணுகிறது. ஆனால் அதே பெண்ணைப் பற்றிய அறிக்கையில் 'ஆபத்தான சூழலில் வாழும் பெண்' என்று எழுதும்போது கணவன் காணாமல் போய்விடுகிறான். சூழல் மட்டும் நிற்கிறது.

மொழிபெயர்க்கும் மாணவிகள் 'ஆபத்து' என்று எழுதும் முன் யாரால், யாருக்கு என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். விடை மூலத்திலேயே இருந்தால் தமிழிலும் அதை விடாமல் எழுதுங்கள். மூலமே மறைத்திருந்தால், மறைத்திருக்கிறது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.