அளவை நூல்களும் மெய்யியலின் வளர்ச்சியும்

மெய்யியல் ஈராயிரம் ஆண்டுகளாகப் பழைய வினாக்களையே சுற்றிவருகிறது, முடிந்த முடிபு ஒன்றையும் தரவில்லை என்னும் குறை பலராலும் சொல்லப்படுவது. சமயங்களின் தொகையை மட்டும் நோக்கினால் அது மெய்யெனவே தோன்றும். மணிமேகலையில் தம் திறம் உரைக்கும் சமயவாதிகளின் காலத்துக்கும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 சமயங்களை மறுத்த 13ஆம் நூற்றாண்டுக்கும் இடையே கருத்தொற்றுமை எதுவும் விளைந்துவிடவில்லை. ஆயினும் ஒரு துறை தன் முடிபுகளுக்கு விதிக்கும் தகுதி உயர்ந்துகொண்டே வருமாயின் அதனை வளர்ச்சி என்றே கொள்ள வேண்டும். மெய்யறிவு எவ்வழிகளால் பெறப்படும் என ஆராயும் அளவையியல் அவ்வாறு வளர்ந்த துறையாகும்.

உலகாயதர் காண்டல் ஒன்றையே அளவையாகக் கொண்டனர். பௌத்தர் கருதலையும், சைவ சித்தாந்திகள் உரையையும், நையாயிகர் ஒப்பையும் உடன்சேர்த்தனர். பாட்ட மீமாஞ்சகர் ஆறு என்றனர். இவ்வழக்கு தீரவேயில்லை. வளர்ச்சி தெளிவாகப் புலப்படுவது கருதலைப் பற்றிய ஆராய்ச்சியில்தான்.

புகையைக் கண்டு மலையில் தீ உண்டெனத் துணிவது, புகையுள்ள இடமெல்லாம் தீயுண்டு என்னும் வியாத்தியை, அதாவது பிறழாத உடனிகழ்ச்சியைச் சார்ந்தது. எல்லா இடத்தையும் காலத்தையும் கண்டவர் இலராதலின் வியாத்தியை அறியவே இயலாது என்பது உலகாயதர் தடை. காஞ்சிக்கு அருகில் பிறந்தவரெனத் திபெத்திய மரபு கூறும் திங்நாகர், ஏதுவானது துணியப்படும் இடமாகிய பக்கத்திலும் ஒத்த பொருளிலும் இருத்தல், ஒவ்வாத பொருளில் இல்லாதிருத்தல் என மூன்று தகுதிகளை வேண்டினார். தருமகீர்த்தி, காரணகாரிய உறவோ தன்மை ஒருமையோ இருந்தாலன்றி வியாத்தி இல்லை என்று அதனை இறுக்கினார். இன்றைய ஞாயிற்றின் தோற்றத்தால் நாளைய தோற்றத்தைக் கருதுமிடத்து இவ்விரண்டும் இல்லையே என நையாயிகர் வினவினர். ஐயுறுபவனின் செயலோடு முரணுமிடத்தில் வியாத்தி பற்றிய ஐயம் நின்றுவிடும் என்று உதயணர் உலகாயதருக்கு விடை கூற, முரண் உண்டெனின் அது எதனோடு முரணுகிறதோ அந்த ஐயமும் உண்டன்றோ என 12ஆம் நூற்றாண்டில் சீஹர்ஷர் அவ்விடையைத் திருப்பித் தாக்கினார். 14ஆம் நூற்றாண்டில் தத்துவசிந்தாமணி இயற்றிய கங்கேசர், புகை வேண்டித் தவறாது தீ மூட்டுபவனின் செயலே அவனிடம் அவ்வையம் இல்லாமையைக் காட்டும் என்று விளக்கியதோடு, வியாத்திக்குக் கூறப்பட்ட இலக்கணங்கள் பலவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தபின்பே தம் இலக்கணத்தை நிறுவினார். கங்கேசருக்குப் பின் வந்த எவரும், இவ்வளவு தடைகளுக்கும் விடை கூறாமல், பழைய எளிய வரையறைக்குத் திரும்ப முடியவில்லை. அவரது நுண்மொழியை அத்துவைதிகளும் மாத்துவரும் இலக்கணிகளும் எடுத்தாண்டதும் குறிப்பிடத்தக்கது. கொள்கையில் பகைத்தவர்கள் அளவுகோலில் ஒன்றுபட்டனர்.

தமிழ் இவ்வளர்ச்சிக்குப் புறம்பாக நிற்கவில்லை. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என வாதக் குற்றங்களை வகுத்துரைக்கும் மணிமேகலையின் 29ஆம் காதை, அளவை நூலொன்றின் செறிவைக் காப்பியத்துக்குள் கொண்டுவந்த அரிய முயற்சி. அதனை வறண்ட பகுதியென ஒதுக்குவது பெரும் பிழை.

ஆனால் இவ்வளர்ச்சி எதிரியின்றி நிகழ்வதன்று. இந்நாட்டில் பௌத்தர் மறைந்தபின் அவர்தம் வாதங்கள் மறுப்பு நூல்களின் வழியாகவே பெரிதும் அறியப்பட்டன. பௌத்த காப்பியமான குண்டலகேசியில் எஞ்சியவை புறத்திரட்டிலும் நீலகேசி உரையிலும் காணும் சில பாடல்களே. ஆதலின் சமண நூலான நீலகேசி அந்நூலை வென்ற வெற்றி எத்தகையது என்பதை இன்று முழுமையாகச் சரிபார்க்க இயலாது.