வளிநிலையும் அவையஞ்சாமையும்

நெருக்கடி மிக்க வேளையில் உள்ளங் கலங்காது வினைமுடிக்கும் ஆற்றலை மூச்சுப் பயிற்சியாற் பெறலாம் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பார் நோயாளர்க்கென எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். கவனத்தை மூச்சின்கண் நிறுத்தி, உள்ளத்தில் எழுவனவற்றை விருப்பு வெறுப்பின்றி நோக்கியிருத்தல் அதன் அடிப்படை. நோயாளர்க்கென வகுத்த அம்முறை பின்னர் அலுவலகங்களிலும் புகுந்தது. இதனைத் திருமூலர் அன்றே கூறிவிட்டார் என நம்மவருள் உரைப்பாரும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதையும், பணிக்களத்து நெருக்கடிக்குத் தமிழ்நூல்கள் காட்டும் வழி யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எண்வகை யோக உறுப்புகளைக் கூறுவது. அதன்கண் பிராணாயாமத்திற்கு ஆசிரியர் அளவும் வகுத்துள்ளார்: உள்வாங்கல் 16 மாத்திரை, நிறுத்தல் 64, வெளிவிடல் 32. வெளிவிடும் காலம் உள்வாங்கும் காலத்தின் இருமடங்காதல் காண்க. மூச்சை உள்வாங்குங்கால் நெஞ்சத் துடிப்பு விரைதலும், வெளிவிடுங்கால் தணிதலும் இற்றை உடலியலார் அளந்து கண்ட உண்மை. ஆகலின் நெடிது வெளிவிடுதல் பதற்றந் தணிக்கும் என்பது அவர்தம் பயிற்சியிலும் இடம்பெறுகின்றது. இவ்வளவில் இரண்டும் ஒத்து நிற்கின்றன.

ஆயின் ஒப்புமை இதனோடு முடிகின்றது. மேற்கூறிய மாத்திரைகள் கூடி 112 ஆகின்றன. மாத்திரை ஒன்றனை அரை வினாடி எனச் சுருக்கிக் கொள்ளினும் ஒரு மூச்சுக்கு 56 வினாடி வேண்டும். இற்றைப் பயிற்சியாளர் பெரும்பாலும் கூறுவது நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் அளவே. அஃதாவது ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. இவ்வேறுபாடு அளவின் வேறுபாடு மட்டுமன்று, நோக்கத்தின் வேறுபாடுமாம். திருமூலர் கருதிய பயன் கூற்றுவனை வெல்லுதலும் சிவத்தோடு ஒன்றுதலும் ஆகும். அலுவற் கூட்டத்தில் நடுங்காது பேசுதல் அன்று. மேலும், எண்வகை உறுப்புகளுள் வளிநிலை நான்காவதாக வைக்கப்பட்டுள்ளது. தீயவை விலக்கலும் நல்லவை பயிறலும் ஆகிய இயம நியமங்களும், இருக்கையும் அதற்கு முன்னே நிற்கின்றன. முன்னின்ற மூன்றையும் பின்னின்ற நான்கையும் நீக்கி, நடுநின்ற ஒன்றனை மட்டும் பிரித்தெடுத்து அதனையே திருமூலர் கருத்தெனல் நூலாராய்ச்சி நெறியாகாது.

ஒருபொருளை அதனை நுதலிய நூலின் எல்லைக்குள் வைத்தே உணரவேண்டும் என்பதற்குத் தொல்காப்பியரே சான்றாவர். பிறப்பியலில் அவர், உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைத்து, பல் முதலிய உறுப்புகளோடு பொருந்தி எழுத்தாகும் முறையை விளக்குகின்றார். அவ்வியலின் இறுதியிலோ, அகத்து எழும் வளியின் அளபு அந்தணர் மறையின்கண்ணது என்றும், தாம் கூறியது புறத்து இசைக்கும் எழுத்தின் அளபே என்றும் வரையறுத்து விடுகின்றார். மூச்சு ஒன்றே, அதனை ஆராயும் துறைகள் வேறு. அவற்றை மயக்காமை அவர் காட்டிய நெறி.

அவ்வாறாயின், பலர்முன் நின்று வினையாற்றுவானது நடுக்கத்தைத் தமிழ்நூல் ஆராயாதோ எனின், ஆராய்ந்துள்ளது. வள்ளுவர் அதற்கென 73ஆம் அதிகாரத்தை வகுத்துள்ளார். பகைவர் களத்தில் இறக்கத் துணிந்தார் பலர், அவைக்களத்து அஞ்சாதார் சிலரே என அவர் கூறுதல், இவ்வச்சத்தின் வலிமையை நன்கு அறிந்தமையைப் புலப்படுத்தும். அவர் கூறும் மருந்து மூச்சடக்கம் அன்று, கல்வி. மாற்றார் வினாவிற்கு அஞ்சாது விடைகூறும் பொருட்டு அளவறிந்து கற்க என்கின்றார். பரிமேலழகர் ஆண்டு அளவைநூலைக் கருதுவர். அச்சத்தின் வேர் ஆயத்தமின்மையில் இருப்பின், மூச்சை எத்துணை நெடிதாக விடினும் அவ்வேர் அறாது. எனினும் கற்றாரும் அவை அஞ்சுவர் என்பதையும், அத்தகையோர் கல்லாதவரினும் கடையர் எனப்படுவர் என்பதையும் வள்ளுவர் மறைத்திலர். ஆகவே கல்வியொடு உள்ளத் திண்மையும் வேண்டப்படுகின்றது.

அத்திண்மை வரும் வாயிலை 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை உணர்த்துகின்றது. வெள்ளமெனத் திரண்ட துன்பமும், அறிவுடையான் தன் உள்ளத்தில் ஒன்றனை நினைந்த அளவிலே கெடும் என்பது ஆசிரியர் கருத்து. துன்பமாவது உள்ளத்து ஒரு கோட்பாடேயன்றிப் பிறிதில்லை எனவும், அதனை மாறுபடக் கொள்ளின் அது நீங்கும் எனவும் பரிமேலழகர் நுண்ணிதின் விளக்குவர். இற்றை உளநூலார் கூறும் கருத்துக்கு நம் நூல்களுள் நெருங்கிய இடம் தேடின், அது திருமந்திரத்தினும் இக்குறளும் உரையுமே என்பது எம் துணிபு. இஃது உடலைத் தணிக்கும் முறையன்று. நேர்ந்ததை நோக்கும் நோக்கினை மாற்றும் முறையாகும்.

கவனத்தைப் பயிற்றிய கலையும் தமிழர்க்கு உண்டு. 1907ஆம் ஆண்டில் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம் புகழ்பெற்றது. முதுகில் எறியப்படும் மலரை எண்ணுதல், மணியோசையை எண்ணுதல், கேட்ட பொருளில் வெண்பாப் பாடுதல் முதலியன கவனகக் கலையில் ஒருங்கே நிகழ்வன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சென்ற கவனம் சிதையாது மீளுதலே அதன் திறம். யாப்பும் இலக்கியமும் முன்னரே கைவந்தார்க்கன்றி வெறும் அமைதியால் அத்திறம் வாயாது.

இனி, இற்றைப் பயிற்சியாளர் பெரும்பாலும் நோக்காத பகுதி ஒன்றுண்டு. வள்ளுவர் வினைசெய்வானுக்கு மட்டும் அறிவுரை கூறி அமைந்தாரல்லர். தெரிந்து வினையாடல் என்னும் 52ஆம் அதிகாரத்தில், செய்வானையும் வினையையும் காலத்தையும் பொருத்தி ஆராய்ந்த பின்னரே ஏவுதல் வேண்டும் என ஏவுவானுக்கும் கடன் விதிக்கின்றார். பத்து நாள் வினையை இரண்டு நாளில் முடிக்க ஏவிவிட்டு, கலங்கியவனை நோக்கி மூச்சை நெடிது விடுக என்றல், ஏவியவன் குற்றத்தைச் செய்பவன் நெஞ்சின்மேல் ஏற்றுவதாகும். அதற்குத் திருமூலரைத் துணையழைத்தல் மேலும் ஒரு பிழை.

மூச்சுப் பயிற்சியின் பயனை யாம் மறுத்திலேம். படபடக்கும் நெஞ்சினை அது தணிக்கும். தணிந்த நெஞ்சில் கற்றது நினைவுக்கு வரும். ஆயின் தணித்தல் வேறு, ஆற்றல் வேறு. மூச்சு உடலை அமைதிப்படுத்தும். கல்வி அச்சத்தின் வேரறுக்கும். நோக்கின் மாற்றம் துன்பத்தைச் சுருக்கும். ஏவுவானது தெளிவு வேண்டாத நெருக்கடியைத் தோன்றாமலே காக்கும். இந்நான்கனுள் முதலாவதை மட்டும் கொண்டு ஏனையவற்றைக் கைவிடும் போக்கினைத் தமிழ்நூல்கள் ஏற்பனவாகத் தோன்றவில்லை.