யார் கை பட்ட கருவி?

விடுமுறை நாளில் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு கருவியைச் செய்து முடிக்க உதவும் பொறியாளரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனாலேயே இந்த வழக்கத்தைப் பாராட்டியே பழகிவிட்டோம், உரசிப் பார்த்ததில்லை. 2016-ல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இன்று நாடெங்கும் பத்தாயிரம் பள்ளிகளில் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஊதியமின்றி வந்து வழிகாட்டும் வல்லுநர்களை அந்தத் திட்டம் பெரிதும் நம்பியிருக்கிறது. இவ்வளவு பரவிவிட்ட ஒன்றை இனியும் நல்லெண்ணத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான பலம். எதிரொலியை வைத்துக் கடலின் ஆழத்தைக் காணும் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் போட்டிருப்பார்கள். வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். இரண்டால் வகுக்க மறந்தால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். அதே கணக்கை அல்ட்ராசோனிக் சென்சாரோடு ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டு போர்டில் எழுதும் மாணவி இரண்டை மறந்தால், 30 செ.மீ. தள்ளியிருக்கும் சுவரைக் கருவி 60 செ.மீ. என்று காட்டும். பக்கத்தில் நிற்கும் பொறியாளர் ‘ஸ்கேலை வைத்து அளந்து பாரும்மா’ என்று மட்டும் சொன்னால் போதும். ஒலி போய்த் திரும்பியும் வருகிறது என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிடும். பாடப்புத்தகமும் கரும்பலகையும் தர முடியாத அனுபவம் இது.

சிக்கலும் அதே மேசையில்தான் தொடங்குகிறது. சர்வோ மோட்டாரை நேராக ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் மாட்டுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டத்தைச் சட்டென இழுக்கும், மின்னழுத்தம் தாழும், போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பையன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து அதை மாற்றி மாற்றி எழுதுவான். அனுபவமுள்ள பொறியாளருக்குப் பார்த்தவுடன் காரணம் தெரியும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் இணைத்து, இரண்டு நிமிடத்தில் ஓட வைத்துவிடுவார். கருவி ஓடும், கைதட்டல் விழும், பையன் எதையும் கற்றிருக்க மாட்டான். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது, மீண்டும் மாட்டிப் பார்ப்பது, எந்த மாற்றத்தால் என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்வது என அவன் ஒரு மணி நேரம் திணறினால்தான் பிழை தேடும் முறை கைவரும். பொறியாளரிடம் கற்க வேண்டியதே அந்த முறையைத்தான். அவருடைய வேகமோ அதற்குக் குறுக்கே நிற்கிறது.

இதைப் பொறியாளரின் குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. கண்காட்சித் தேதி நெருங்கும்போது யார் கையும் ஸ்க்ரூடிரைவரைத் தேடும். அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபோ போட்டியிலும் இதே கதைதான். 1992 முதல் நடக்கும் அந்தப் போட்டியில், ரோபோவைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆறு வாரக் கெடு இருந்தது. வழிகாட்டிகள் ரோபோவில் கை வைப்பதை விதிகள் தடுக்கவில்லை. ‘இது மாணவர் செய்ததா, இன்ஜினியர் செய்ததா’ என்ற சண்டை அங்கு இன்னும் ஓயவில்லை. அதே அமைப்பு சிறுவர்களுக்காக நடத்தும் லெகோ போட்டியில் மட்டும் வேலையைப் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்பது கண்டிப்பு. உடன் உழைத்துக் கற்பதிலும் பயன் உண்டு என்ற ஃபர்ஸ்டின் வாதத்தை நான் மறுக்க மாட்டேன். தேர்ந்த கை வேலை செய்வதைப் பார்ப்பதும் படிப்புதான். ஆனால் பார்ப்பதற்கும் செய்வதற்கும் ஒரே பரிசு என்றால் பார்ப்பதே மிஞ்சும்.

நம் நாட்டு உதாரணமாக ஆசாதிசாட் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் இதில் பங்கேற்றார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சிறு சிறு கருவிகளை உருவாக்க மாணவிகளுக்கு வழிகாட்டல் கிடைத்தது. அவற்றை ஒன்றாகப் பொருத்தியது ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் மாணவர் குழு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு விண்வெளி தன் ஊர்ப் பள்ளிவரை வந்தது என்பது சிறிய விஷயமல்ல. அந்தப் பெருமிதத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய கூட்டு வேலையில் ஒருத்தியின் பங்கு மிகச் சிறியதாகிவிடும். முழுக் கருவியும் எப்படி இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் முடியும்.

அந்தச் செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது, சுற்றுப்பாதை தவறியது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகளின் அளவீடு எல்லை தாண்டியது. அது ஒரு கண நேரக் குழப்பம்தான். உள்ளிருந்த மென்பொருளோ சென்சார்களே பழுது என்று முடிவுகட்டிவிட்டது. இஸ்ரோ வெளியிட்ட இந்தக் காரணம், அல்ட்ராசோனிக் சென்சாரோடு போராடிய எந்த மாணவிக்கும் விளங்கும். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டி ஒருவர் எனக்குக் கிடைத்தால், வெற்றியை விட்டுவிட்டு அந்தத் தோல்வி அறிக்கையை வைத்து ஒரு மாதம் வகுப்பு எடுக்கச் சொல்வேன்.

இன்னொரு குறை ஆசிரியர் பற்றியது. வெளியிலிருந்து வரும் பொறியாளர் பேசும்போது அறிவியல் ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு ஓரமாக நிற்கிறார். பொறியாளருக்கு வேலை மாற்றம் வந்தால் அன்றோடு ஆய்வகம் பூட்டப்படும். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற திட்டம் இதில் மேல். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில், கருத்தாளர்கள் அங்குள்ள கணித, அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள். ஒரு கருத்தாளருக்குப் பல பள்ளிகள் என்பதால் ஆழம் குறையும். ஆனாலும் கற்றது அந்தப் பள்ளியிலேயே தங்கும்.

ஆகவே பொறியாளர்கள் முதல் மூன்று மாதம் ஆசிரியருக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கட்டும். பிறகு பிள்ளைகளிடம் வரட்டும், மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். கண்காட்சியில் நடுவர்கள், ஓடுகிற கருவியோடு அது ஓடாமல் கிடந்த நாட்களின் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் படித்து, மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுக்கட்டும்.