கூடங்குளம்: கேட்காத கேள்விக்கு ஒரு பதில்

மத்தூரிலிருந்து ஓசூர்ப் பக்கம் ஒரு பாக்டரிக்கு சாஃப்ட்வேர் வேலையாகப் போயிருந்தேன். வைரஸ் பற்றிக் கேட்டதும் சூப்பர்வைசர் சிரித்தார். "நம்ம மெஷின் எதுவும் நெட்ல இல்ல சார்." அப்போது கூடங்குளம் ஞாபகம் வந்தது.

2019 அக்டோபர் 28 அன்று, கூடங்குளத்தில் டொமைன் கன்ட்ரோலர் வரை ஊடுருவல் நடந்திருப்பதாக புக்ராஜ் சிங் ட்வீட் போட்டார். மறுநாள் அணுமின் நிலையம் மறுப்பு வெளியிட்டது: பரவுவது பொய்த் தகவல், கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இயங்குவது, அதைத் தாக்கவே முடியாது. அதற்கும் மறுநாள் இந்திய அணுமின் கழகம் சொன்னது: மால்வேர் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தெரிவித்தது, பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த ஒரு நிர்வாகக் கணினி.

கழகத்துக்குத் தெரிந்து 55 நாள் கழித்து வந்திருக்கிறது அந்த "பொய்" மறுப்பு!

டொமைன் கன்ட்ரோலர் என்பது அலுவலக நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர். பெயரில் கன்ட்ரோலர் இருந்தாலும் அதற்கும் அணு உலையின் கன்ட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. நிலையமோ உலையைப் பற்றியே பதில் சொன்னது. ஊடகங்களில் ஒரு பக்கம் "அணு உலை ஹேக்", இன்னொரு பக்கம் அப்படியே மறுப்பு. என்ன தகவல் போனது என்ற கேள்வி அமுங்கிப்போனது.

அந்த மால்வேர், டிட்ராக். லாசரஸ் குழுவுடையது என்று காஸ்பர்ஸ்கி 2019 செப்டம்பரிலேயே எழுதியிருந்தது. லாசரஸ் வட கொரிய அரசின் குழு என்கிறது அமெரிக்கா. வெளியான மாதிரியின் உள்ளேயே நிலையத்தின் டொமைன் பெயரும், உள் ஐபி முகவரியும், அட்மின் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருந்தன. யாரோ முன்பே உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் இதைத் தயாரித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. "ஒரு கணினிதான்" என்ற விளக்கம் இதற்குப் போதாது.

உலை பாதுகாப்பாக இருந்தது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் நெட்டில் இல்லை என்பது பாதி பதில்தான். ஈரானின் நதான்ஸும் நெட்டில் இல்லை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், யுஎஸ்பி வழியாகவும் பரவக்கூடியது.

இடிந்தகரை மக்கள் வருஷக்கணக்கில் போராடியபோது, அரசு திரும்பத் திரும்பச் சொன்னது "எங்களை நம்புங்கள்" என்றுதான். ஒரே நாளில் மாறும் அறிக்கையை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? முதல் நாளே நான்கு வரியில் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

சூப்பர்வைசரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவர்ற லேப்டாப் எங்கெல்லாம் போயிட்டு வருது?"